கோபத்துக்கு அடுத்து வரும் சிறுசொல்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் எனக்கு, அவர்களுடைய தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் ‘ஆங்ரி ஆன் மீ’ என்பது. ‘என் மேல் கோபம்’ என்று தமிழில் எண்ணி, ‘மேல்’ என்ற இடத்தில் ‘ஆன்’ போட்டுவிடுகிறார்கள். ஆள் மீது வரும் கோபத்துக்கு ஆங்கிலத்தில் ‘வித்’ அல்லது ‘அட்’ வர வேண்டும். நடந்த செயலைக் குறித்த கோபத்துக்கு ‘அபௌட்’ பொருந்தும். ஆயினும் கேட்பவருக்குக் கருத்து விளங்கிவிடுவதால், இதைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது பொருளையே புரட்டிவிடும் பிழைதான்.

‘நாய்க்குப் பயப்படுகிறேன்’ என்னும் நம் நான்காம் வேற்றுமையைப் பின்பற்றி ‘அஃப்ரெய்ட் ஃபார் த டாக்’ என்று எழுதினால், அந்த நாய்க்கு ஏதேனும் தீங்கு நேருமோ என்று அஞ்சுவதாகிவிடும். எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதற்கு முன் ‘ஆஃப்’, யாருக்காக அஞ்சுகிறோமோ அவருக்கு முன் ‘ஃபார்’. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது: புயலுக்கு அஞ்சினால் ‘ஆஃப்’, எச்சரிக்கை வந்த பின்னும் கரை திரும்பாத மீனவரை எண்ணி அஞ்சினால் ‘ஃபார்’.

‘ஆங்ஷியஸ்’ என்பதும் இப்படித்தான். தேர்வு முடிவை நினைத்துக் கலங்குபவர் ‘அபௌட் த ரிசல்ட்’ என்பார். அது எப்போது வரும் என்று ஆவலோடு காத்திருப்பவர் ‘ஃபார் த ரிசல்ட்’ என்பார். ‘டயர்ட்’ என்பதற்குப் பின் ‘ஃப்ரம்’ வந்தால் உடல் களைப்பு, ‘ஆஃப்’ வந்தால் மனச்சலிப்பு. எனவே ‘டயர்ட் ஆஃப் வாக்கிங்’ என்று எழுதுபவர் கால் வலியைச் சொல்லவில்லை, நடப்பதே அலுத்துவிட்டது என்கிறார்.

‘ப்ரௌட்’, ‘ஃபாண்ட்’, ‘அஷேம்ட்’, ‘ஜெலஸ்’ ஆகியவற்றுக்கு ‘ஆஃப்’, ‘இன்ட்ரஸ்டட்’ என்பதற்கு ‘இன்’ என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம். அவற்றில் ஆராய அதிகமில்லை.

‘ஃப்ரைட்டன்ட்’ மட்டும் சற்று நின்று கவனிக்கத்தக்கது. தெருவில் திடீரென்று குரைத்த ஒரு நாய் பயமுறுத்தியதைச் சொல்லும்போது ‘பை’ வருகிறது, ஏனெனில் அங்கே பயமுறுத்துதல் என்னும் செயல் நடந்திருக்கிறது. நாய் என்றாலே உள்ளூர நிலைத்திருக்கும் அச்சத்துக்கு ‘ஆஃப்’ வருகிறது. ‘சர்ப்ரைஸ்ட்’ என்பதற்கு ‘அட்’, ‘பை’ இரண்டும் வழக்கில் உள்ளவையே. விடைக்குறிப்பில் ஒன்று மட்டும் அச்சாகியிருந்தாலும் நான் இரண்டுக்கும் மதிப்பெண் தருகிறேன்.