மலை ஏறிய கம்ப்ரசரும் கேஜ் காட்டாத இழப்பும்

சமவெளியில் குறையில்லாமல் ஓடிய ஏர் கம்ப்ரசரை மலைமேல் கொண்டுபோய் நிறுத்தியதும், டேங்க் நிறைய நெடுநேரம் ஆகிறது என்றும், இரண்டு கருவிகளைச் சேர்த்து இயக்கினால் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்றும் சொல்பவர்கள், முதலில் வால்வையும் பிஸ்டன் ரிங்கையுமே சந்தேகிக்கிறார்கள். எந்திரத்தைப் பிரிப்பதற்கு முன், அது நிற்கும் இடத்தின் உயரத்தையும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிஸ்டன் வகையானாலும் ஸ்க்ரூ வகையானாலும், கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றிலும் இழுப்பது ஏறக்குறைய ஒரே கனஅளவுக் காற்றைத்தான். அதற்குள் எத்தனை கிராம் காற்று அடங்கியிருக்கிறது என்பதை வெளியே உள்ள வளிமண்டலமே தீர்மானிக்கிறது. கடல்மட்டத்தில் 1.013 பாராக (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும் வளியழுத்தம், 2000 மீட்டர் உயரத்தில் சுமார் 0.795 பாராகக் குறைகிறது. வெப்பநிலை மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், உள்ளே வரும் காற்றின் நிறை 21 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுவதால், கீழே 10 நிமிடத்தில் 7 பாருக்கு நிறைந்த டேங்க் மேலே ஏறத்தாழ 12¾ நிமிடம் எடுக்கும். டேங்கின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மட்டும் இரண்டு இடத்திலும் அதே 7 பாரைத்தான் காட்டும், ஏனெனில் அது சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளதையே அளக்கிறது.

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. கேஜில் 7 பாரை எட்டக் கடல்மட்டத்தில் காற்றை 7.9 மடங்கு அழுத்தினால் போதும். 2000 மீட்டரில் 9.8 மடங்கு அழுத்தியாக வேண்டும். அழுத்த விகிதம் கூடும்போது வெளியேறும் காற்றின் சூடும் கூடுகிறது; பிஸ்டன் தலைக்கு மேல் எஞ்சும் சிறு இடைவெளியில் தங்கிய காற்று மறுபடி விரிந்து, புதுக்காற்று வரவேண்டிய இடத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. மோட்டார் இழுக்கும் மின்சாரம் மொத்தத்தில் சற்றுக் குறையலாம். ஆனால் ஒரு கிலோ காற்றை அழுத்த ஆகும் ஆற்றலை இலட்சிய நிலையில் கணக்கிட்டால், அது சுமார் 10 சதவீதம் கூடுகிறது. அந்த மோட்டாரைக் குளிர்விக்க வேண்டியதும் இதே மெலிந்த காற்றுதான் என்பதால், பொதுவான தொழிற்சாலை மோட்டார்களின் திறன் 1000 மீட்டர் உயரத்துக்கும் 40 டிகிரி சுற்றுவெப்பத்துக்கும் உட்பட்டே குறிக்கப்படுகிறது.

வெப்பத்தின் பங்கு உயரத்தைவிடச் சிறியதுதான், ஆனால் பெரும்பாலும் அதை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். உள்ளிழுக்கும் காற்று 3 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். 20 டிகிரிக்குப் பதில் 45 டிகிரிக் காற்றை இழுத்தால் இழப்பு 8 சதவீதத்தை நெருங்கும். கதவடைத்த அறைக்குள் தான் வெளிவிட்ட சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு ஓடும் கம்ப்ரசருக்கு, நிழலான பக்கத்திலிருந்து ஒரு குழாய் வழியே வெளிக்காற்றைக் கொடுப்பதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. ஈரமும் வெப்பத்தோடு சேர்ந்தே வரும்: 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 40 டிகிரியில் 51 கிராம். டேங்கிலிருந்து தண்ணீரை அடிக்கடி வடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். கடுங்குளிரில் காற்று அடர்த்தியாகக் கிடைத்தாலும், எண்ணெய் கெட்டியாகி எந்திரம் கிளம்பத் திணறும், வடிகுழாயில் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஆகவே கம்ப்ரசரை நிறுவும் அன்றே, வெறும் டேங்க் 7 பாருக்கு நிறைய ஆகும் நேரத்தையும், அப்போதைய அறை வெப்பநிலையையும், அந்த இடத்தின் உயரத்தையும் எந்திரத்தின் மேலேயே எழுதி வையுங்கள். பின்னொரு நாள் அதே வெப்பநிலையில் நேரம் கூடினால், அப்போது வால்வைச் சந்தேகிக்கலாம்.