110 கிலோமீட்டர்க் கணக்கு

ஜூலை 13, 2025, ஞாயிறு

தம்பி மகளின் திருமணம் ஆகஸ்ட் 28 அன்று குரோம்பேட்டையில் நடக்க இருக்கிறது. வழக்கம்போல நெல்லை எக்ஸ்பிரஸில் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சோடு படியேறி இறங்கி மின்சார ரயிலுக்கு மாறுவது இனி அவளால் ஆகாது. அதனால் காரிலேயே போவது என்று இன்று முடிவாயிற்று. அந்தக் கார் பாளையங்கோட்டைக்குள் கடைக்கும் கோயிலுக்கும் போய்வர வாங்கிய சிறிய மின்சாரக் கார் என்பதுதான் சிக்கல். அத்தான் கேட்டவுடன் சிரித்துவிட்டார். "ஏய், அது ஜங்ஷனுக்குப் போயிட்டு வார வண்டில்லா?" என்றார்.

பேட்டரியின் கொள்ளளவு 24 கிலோவாட் மணி. நம் வீட்டு மின் கட்டணக் கணக்கில் சொன்னால் 24 யூனிட். ஒரு முறை முழுதாக ஏற்றினால் 315 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக்கூடத்து எண். அங்கே வண்டி உருளைகளின் மேல் நின்றபடி ஓடுகிறது. வேகம் 90-ஐத் தாண்டுவதில்லை, எதிர்க்காற்றும் இல்லை, ஏசியும் இல்லை. நான்குவழிச் சாலையில் ஏசியோடு 75, 80 வேகத்தில் போனால் என் வண்டி யூனிட்டுக்கு ஏழரைக் கிலோமீட்டர் கொடுக்கிறது. ஆக முழு பேட்டரிக்கு 180.

இந்த 180-ஐயும் நம்பிப் புறப்பட முடியாது. வழியில் விரைவு சார்ஜரில் 80 சதவீதம் வரைதான் வேகமாக ஏறும். அதற்குமேல் பேட்டரிச் செல்கள் தம் மின்னழுத்த வரம்பை நெருங்கிவிடுவதால் மின்னோட்டத்தை வண்டியே படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். கீழேயும் 20 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது 60 சதவீதம், அதாவது 14.4 யூனிட். ஏறத்தாழ 110 கிலோமீட்டர்.

சென்னை 620 கிலோமீட்டர்.

ஜூலை 16, புதன்

அடியில் ஏன் 20 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்று வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்வி. 20 சதவீதம் என்பது 36 கிலோமீட்டர். நாம் போய் நிற்கும் சார்ஜர் பழுதாகிக் கிடந்தாலோ, முன்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்தாலோ, அடுத்த சார்ஜர் இந்த 36-க்குள் இருந்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 30 கிலோமீட்டருக்குள் ஒரு மாற்று நிறுத்தத்தைக் குறித்துவைத்தேன். மாற்று இல்லாத ஊரைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன்.

அப்படிப் பார்த்ததில் மிஞ்சியது இது. வீட்டிலிருந்து நூறு சதவீதத்தோடு கிளம்பி 110 கிலோமீட்டரில் விருதுநகர். அங்கிருந்து மதுரையைக் கடந்து மேலூர். பிறகு திருச்சி, இரவுத் தங்கல். மறுநாள் உளுந்தூர்பேட்டை, திண்டிவனம், குரோம்பேட்டை. மேலூரிலிருந்து திருச்சி 105 கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்து குரோம்பேட்டையும் ஏறக்குறைய அவ்வளவே. இந்த இரண்டு இடங்களில்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று மகன் சொன்னான். முடியும்தான், ஆனால் திருச்சி விடுதியில் இரவு முழுக்கச் சாதாரணப் பிளக்கில் செருகிவைத்தால் காலையில் மறுபடி நூறு சதவீதத்தோடு கிளம்பலாம். ஒரு விரைவு சார்ஜர் மிச்சம். பொது சார்ஜரில் 18 சதவீத ஜிஎஸ்டியோடு கட்டும் பணமும் மிச்சம்.

ஜூலை 20, ஞாயிறு, வள்ளியூர்

யூனிட்டுக்கு ஏழரை என்ற எண்ணை ஆடிக் காற்றில் சோதித்துப் பார்க்காமல் சென்னைக்குக் கிளம்புவது அசட்டுத் துணிச்சல் என்று தோன்றியதால், இன்று காலை நாகர்கோவில் வரை போய்வந்தேன். காவல்கிணறு வரை காற்று பக்கவாட்டில்தான் அடித்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. அங்கே மேற்கே திரும்பி ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கியதும் கதை மாறியது. கணவாய் வழியே பீறிட்டு வரும் காற்று நேராக முகத்தில் அறைந்தது. முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனையும் எனக்கு எதிரே நின்று சுழன்றன. காவல்கிணற்றில் 68 சதவீதம் காட்டிய வண்டி, 25 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் 47 காட்டியது. யூனிட்டுக்கு ஐந்து கிலோமீட்டர்தான் கிடைத்திருக்கிறது. திரும்பும்போது அதே 25 கிலோமீட்டருக்குப் பத்து சதவீதம்தான் செலவு.

காரணம் எளிது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80 வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 30 வேகத்தில் காற்று வந்தால், 110 வேகத்தில் போகிறவன் படும் தடையை அது படுகிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு. என் பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு இந்தக் காற்றாலைகளில் பிறந்ததாக இருக்கலாம். கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொள்கிறது காற்று.

இரவு வள்ளியூரில் தங்கச்சி வீட்டில் தங்கினோம். கையோடு கொண்டுபோன 15 ஆம்பியர் சார்ஜரை மோட்டார் அறைப் பிளக்கில் செருகினால் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. மூன்று முறை கழற்றி மாட்டியும் அதே சிவப்பு. இந்தப் பெட்டி முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் மின்சாரத்தை வண்டிக்கு விடாது. அதே பிளக்கில் பத்து ஆண்டுகளாகக் கிரைண்டர் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்று மாப்பிள்ளை வாதாடினார். எர்த் இல்லாமலும் கிரைண்டர் ஓடும் என்பதுதானே ஆபத்து!

ஜூலை 21, திங்கள்

காலையில் எலெக்ட்ரீசியன் வந்து பிளக் போர்டைக் கழற்றினார். பச்சை ஒயர் சரியாகத்தான் இருந்தது. பிறகு வேப்பமரத்தடிக்குப் போய், சருகை ஒதுக்கி, எர்த் குழியின் மூடியைப் பெயர்த்தார். உள்ளே பைப்பைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "உப்பும் கரியும் போட்டுத்தான் வச்சிருக்கு, அண்ணாச்சி. தண்ணியக் கண்டு எத்தனை வருசமாச்சோ" என்றார். தங்கச்சி மூன்று குடம் தண்ணீர் ஊற்றினாள். முதல் குடத்து நீர் சத்தத்தோடு உறிஞ்சப்பட்டது, மூன்றாவது குடம் மெல்ல இறங்கியது. அரைமணி நேரம் கழித்துச் செருகினேன். பச்சை.

திருச்சி விடுதிக்குப் போன் செய்து, பிளக் இருக்கிறதா என்பதோடு எர்த் இருக்கிறதா என்றும் கேட்டேன். மேலாளர் என்னை ஒரு மாதிரியாக எண்ணியிருப்பார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. குறுக்குத்துறையில் நல்ல கூட்டம்.

மாலையில் பட்டியலில் உள்ள சார்ஜர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். ஏற்கெனவே நான்கு சேர்ந்துவிட்டன. செயலியில் பச்சைப் புள்ளி காட்டுவதை மட்டும் நம்பக்கூடாது என்பது என் முடிவு. ஓரிடத்தில் பச்சைதான் காட்டியது. சார்ஜர் நிற்கும் உணவகத்தின் கல்லாவில் இருந்தவரோ, "மெஷின் லைட்டு எரியுது சார், ஆனா கன்னு லாக் ஆகமாட்டேங்குது, ரெண்டு வாரமா இப்படித்தான்" என்றார். கன் என்பது வண்டியில் செருகும் முனை. அந்தப் பச்சைப் புள்ளிக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு. உணவக வாசலில் இருக்கும் சார்ஜர்களை முதலிலும், ஆளில்லாத இடத்துச் சார்ஜர்களை மாற்றாகவும் வைத்துப் பட்டியலைத் திருத்தி எழுதினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாளைக் காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். டயரில் காற்று பார்த்தாயிற்று. ஆவணி பிறந்தும் கயத்தாறு பக்கம் காற்று அடங்கவில்லை என்று கேள்வி. பக்கக் காற்றுதான் என்றாலும் கோவில்பட்டி வரை 70-க்கு மேல் போவதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிளக்கில் செருகினேன். 45 சதவீதத்திலிருந்து நூறுக்கு 13 யூனிட் ஏற வேண்டும். மணிக்கு இரண்டரை யூனிட் ஏறினாலும் மூன்று மணிக்குள் முடிந்துவிடும்.

பட்டியலைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்திருந்தேன். சற்றுமுன் திருப்பிக் கொடுத்தாள். மேலூர் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "அழகர்கோவில்?" என்று எழுதியிருந்தது. சார்ஜ் ஏறும் நேரத்தில் வண்டி அங்கேயே கட்டிக் கிடக்கும், எங்கும் போக முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். மதுரையிலிருந்து நேரே மேலூர் போகாமல் அழகர்கோவில் வழியாகச் சுற்றினால் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கூடுதல். விருதுநகரில் 80 சதவீதத்தோடு கிளம்பினால் மதுரைக்கு 50, கோயிலுக்கு 21, மேலூருக்கு 20, மொத்தம் 91. மேலூரில் நிற்கும்போது 29 சதவீதம் மிச்சம் இருக்கும்.

கேள்விக்குறியை அடித்துவிட்டு, பேனாவால் எழுதித் தாளை அம்மாவின் பையில் வைத்துவிட்டேன்.