நானோசெல்லுலோஸில் எலும்புக் கனிமம் வளர்க்கும்போது

எலும்பு நிரப்பிக்கான ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட் வகைக் கனிமம்) பொடியைத் தனியே செய்து செல்லுலோஸோடு கலப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கட்டி கட்டியாக நிற்கும். நானோசெல்லுலோஸின், அதாவது மிக நுண்ணிய செல்லுலோஸ் இழைகளின், மேலேயே கனிமம் வளரட்டும்.

0.2% நானோசெல்லுலோஸ் 500 மிலியில், 0.5 மோலார் கால்சியம் நைட்ரேட் 100 மிலியை வேகமாகக் கலக்கிக்கொண்டே மெல்ல ஊற்றுங்கள். கார்பாக்சில் (கால்சியத்தைப் பிடிக்கும் அமிலத் தொகுதி) ஏற்றிய செல்லுலோஸ் அடர்த்தியாக இருந்தால், கால்சியம் பட்டதும் ஜெல்லாக உறையும். அதற்காகத்தான் இவ்வளவு நீர்ப்பு. பிறகு 0.3 மோலார் டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 100 மிலியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கால்சியம்-பாஸ்பரஸ் விகிதம் 1.67, கனிமம் சுமார் 5 கிராம் கிடைக்கும்.

பிஎச் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். படிவு உண்டாகும்போது அமிலம் வெளிப்பட்டு பிஎச் இறங்கிக்கொண்டே வரும்; அம்மோனியா விட்டு 10-க்கு மேல் நிறுத்த வேண்டும். அமிலப் பக்கம் போனால் பிரஷைட் என்ற வேறு கால்சியம் பாஸ்பேட் வந்துவிடும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு சிறிது கார்பனேட்டைச் சேர்க்கும். எலும்பிலும் அது உண்டு, பயப்பட வேண்டாம்.

ஒரு நாள் முதிரவிட்டு, கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். அம்மோனியம் மிஞ்சினால் செல் சோதனையில் பொருள் நச்சுபோலத் தெரியும். அடுப்பில் உலர்த்தினால் இழைகள் ஒட்டி இறுகும், திரும்பப் பிரியாது. உறைய வைத்து உலர்த்துவதே சரி.