அழுங்குப் பிடி

பிடித்ததை விடாதவனைப் பார்த்து “அழுங்குப் பிடி பிடிக்கிறான்” என்போம். அழுங்கை, அதாவது செதில் போர்த்த எறும்புதின்னியை, நேரில் கண்டவர்களோ வன்னியிலும் குறைவு. பகலெல்லாம் வளைக்குள் படுத்துவிட்டு, இருட்டிய பிறகுதான் அது இரை தேட வெளிக்கிடும்.

செதிலைப் பார்த்து ஊர்வன என்று நினைப்பார்கள். அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. செதில் வெறும் கெரட்டின், எங்கள் நகமும் அதேதான். கூரை ஓடுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். முகம், வயிறு, கால்களின் உட்புறம் இவற்றில் மட்டும் செதில் இல்லை. ஆபத்து என்றதும் அந்த இடங்களையெல்லாம் உள்ளே மடக்கிச் சுருண்டு, வாலால் மேலே போர்த்து இறுக்கிக்கொள்ளும். குட்டி கூட இருந்தால் அதுவும் சுருளுக்குள்ளே. சிறுத்தை உருட்டும், கடிக்கும். பல் பதிய இடம் கிடைக்காது.

சாப்பாட்டு வழி இன்னும் விசித்திரம். வாயில் ஒரு பல்லும் இல்லை. முன்னங்காலின் நீண்ட நகங்களால் கறையான் புற்றைப் பிளந்து, பசைபிடித்த நாக்கை உள்ளே விடும். அந்த நாக்கின் வேர் நெஞ்சுக்கூட்டின் அடிவரை போகிறது. கறையான் ஏறாதபடி மூக்கும் காதும் மூடிக்கொள்ளும். மெல்லும் வேலையை இரைப்பை செய்கிறது: இரையோடு போகும் மண்ணும் சிறுகல்லும் உள்ளே அரைக்கும். நகம் மழுங்கினால் பட்டினி என்பதால் நடக்கும்போது அதை உள்ளே மடித்தே நடக்கும்.

இரைக்கேற்ற வாய்க்கு இரணைமடு, கட்டுக்கரைக் குளங்களின் பக்கத்து வயல்களில் நத்தைகுத்தி நாரையையும் பாருங்கள். அலகு நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுகளுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தையின் ஓட்டை உடைக்கத்தான் அந்த இடைவெளி என்பது தவறு. கீழலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் செருகித் தசையை அறுத்து, நத்தையை முழுசாக இழுத்தெடுக்கும்.

சிறுத்தையிடம் உயிர்காக்கும் சுருள்தான் மனிதனிடம் அழுங்கைக் காட்டிக்கொடுக்கிறது. ஓடாது, கடிக்காது, தூக்கி உரப்பைக்குள் போட ஒருவர் போதும். வீதியில் லொறி வந்தாலும் அதே இடத்தில் சுருளும். செதிலில் மருந்து இருக்கிறதென்று நம்பிக் கொல்வது பெரிய அநியாயம். நகத்தில் இல்லாத எதுவும் அதில் இல்லை. 2017 முதல் சர்வதேச வணிகமும் தடை. இலங்கைச் சட்டத்திலும் அது பாதுகாக்கப்பட்ட பிராணி.

வளவுக்குள் வந்தால் முதலில் நாயைக் கட்டுங்கள். ரோச் வெளிச்சத்தை அணைத்து, ஆட்களை விலக்கிவிட்டால் தானாக விரிந்து போய்விடும். சுருளை இழுத்து விரிக்கவேண்டாம், செதிலும் நகமும் பிடுங்குப்படும். கூட்டில் அடைத்துச் சோறு, பாண் வைப்பதும் வேண்டாம். தின்னாமல் கிடந்தே சாகும். காயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

கட்டில்லாத கிணற்றுக்குள் விழுந்திருந்தால் பட்டை உரிக்காத தடித்த கொம்பொன்றை, அடியில் ஊன்றி விளிம்புவரை சரிவாக வையுங்கள். சீவிய பலகையில் நகம் பிடிக்காது, வழுக்கி மறுபடி தண்ணீருக்குள்தான் விழும்.