பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக இரண்டு வருடம்

2022-இல் என் மகள் ஆறாம் வகுப்பு. அவள் படித்த மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கிறோம், பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தைக்க எடுத்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போனேன். வீடு திரும்பியபோது நான் அந்தக் குழுவின் தலைவர். தலைவர் ஒரு பெற்றோராக இருக்க வேண்டும் என்றார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை, எங்கள் தெரு அக்கா ஒருவர் என் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். என்ன வேலை என்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது அந்தப் பொறுப்புக்கு வந்திருக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருக்காது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது குழுவில் மொத்தம் 20 பேர். அதில் 15 பேர் பெற்றோர். மிச்சம் ஐந்து இடத்தில்தான் தலைமை ஆசிரியர், ஓர் ஆசிரியர், வார்டு கவுன்சிலர் எல்லாம். முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்தப் பிரிவு குழுவுக்குக் கொடுக்கும் வேலைகளும் அதிகமில்லை. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. படித்தபோது எளிதாகத்தான் தெரிந்தது.

அப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம். முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். கூட்டம் முடிந்ததும் ஹெச்.எம். மேடம் தீர்மானப் புத்தகத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா, நான் அப்புறம் எழுதிக்கறேன்" என்றார். பக்கம் காலியாக இருந்தது. "எழுதினதும் கூப்பிடுங்க மேடம், வந்து போட்டுத் தர்றேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. நான் அவரைச் சந்தேகப்பட்டதாக நினைத்திருப்பார். உண்மையில் அவர் நல்லவர். எங்கள் பள்ளியில் எழுத்தர் கிடையாது. பாடமும் எடுத்து, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவும் பார்த்து, சத்துணவுக் கணக்கும் எழுதி, இந்தப் புத்தகத்தையும் அவரே எழுத வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து கூட்டம் நடக்கும்போதே பெற்றோரில் ஒருவர் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். பத்தாம் வகுப்பு வரை படித்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், அழகான கையெழுத்து, அவர் எழுதினார். மேடத்துக்கும் பாரம் குறைந்தது.

எங்களுக்குப் பெரிய பிரச்சினை பெண் பிள்ளைகளின் கழிப்பறை. நான்கு இருந்தன, இரண்டு பூட்டியே கிடந்தன. மேல்தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. என் மகள் காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்கும், போக இடமில்லை என்பது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது. அதை நினைத்தால் இப்போதும் மனது கஷ்டப்படும்.

முதல் மாதம் "மாணவிகளுக்குக் கழிப்பறை வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று தீர்மானம் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மாதம் அதையே மறுபடி எழுதினோம். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது கூட்டத்தில் பள்ளிக்கு வந்திருந்த ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குப் போகணும்னு எழுதவே இல்லையேம்மா" என்றார்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நகரத்துப் பள்ளிக்கு இரண்டு வீடு. கட்டடம், தண்ணீர், கழிப்பறை, துப்புரவு எல்லாம் மாநகராட்சி. பாடப் புத்தகம், பயிற்சி, எமிஸ், சமக்ர சிக்ஷா என்ற கல்வித் திட்டத்தின் மானியம் எல்லாம் பள்ளிக் கல்வித் துறை. நாங்கள் எழுதிய தீர்மானம் கல்வித் துறைப் பக்கம் போயிருந்தது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மாநகராட்சியுடையது. ஒரு பக்கம் எழுதினால் மற்றொரு பக்கம் தானாகப் பார்க்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று நானும் வேறு இரண்டு அம்மாக்களும் ஒரு செவ்வாய்க்கிழமை இடைவேளையில் கழிப்பறை வாசலில் நின்று எண்ணினோம். பள்ளியில் 312 பிள்ளைகள், அதில் பெண்கள் 161. பத்து நிமிட இடைவேளையில் உள்ளே போய் வந்தவர்கள் 38 பேர். வரிசையில் நின்றுவிட்டு மணி அடித்ததும் போகாமலே வகுப்புக்குத் திரும்பியவர்கள் 21 பேர். பூட்டிய கதவுகளை போனில் படம் எடுத்தோம். அந்த எண்களோடு, எத்தனை கழிப்பறை, எதில் தண்ணீர் இல்லை, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி, ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்வதையும் குறிப்பிட்டு, மண்டல அலுவலக உதவிப் பொறியாளருக்கு என்று முகவரி போட்டுத் தீர்மானம் எழுதினோம். ஒரு நகல் கவுன்சிலருக்கு. ஒரு நகலில் அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி எங்கள் கோப்பில் வைத்தோம். முத்திரையில்லாத காகிதத்துக்கு அடுத்த முறை போகும்போது மதிப்பே இல்லை என்பதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

முதலில் வந்த பதில், "பள்ளி மானியத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்". அதனால் அந்தக் கணக்கையும் உட்கார்ந்து படித்தோம். சமக்ர சிக்ஷாவில் 251 முதல் 1000 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 75,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். அதாவது எங்களுக்கு 7,500. சாக்பீஸ், பதிவேடு, விளக்கு, மின்விசிறி ரிப்பேர் எல்லாம் மீதியில்தான். கைப்பிடி உடைந்தால், குழாய் ஒழுகினால் அந்தப் பணத்தில் செய்யலாம். புது மோட்டாரும் மேல்தொட்டிக் குழாயும் முழுதாக மாற்ற அது காணாது. இதை வரவு செலவோடு ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டாவது முறை நேரில் கொண்டுபோனோம். ஆறு பேர் போனோம். ஆறு அம்மாக்கள் அமைதியாக பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பலம் இருக்கிறது. யாரும் குரல் உயர்த்தவில்லை. கவுன்சிலரும் அன்று போனில் பேசினார். அவரும் குழு உறுப்பினர்தான் என்பதை அதுவரை யாரும் அவருக்கு நினைவுபடுத்தியதில்லை.

முதல் கூட்டத்திலிருந்து ஏழாவது மாதம் மோட்டார் வந்தது. கதவுகளைத் திறந்த அன்று மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தது. ஆயாம்மா திட்டப் போனார். விடுங்கம்மா என்றேன்.

பள்ளி வளர்ச்சித் திட்டம் என்பதை நாங்கள் முதலில் ஒரு படிவம் என்று நினைத்து நிரப்பினோம். அது படிவம் இல்லை. மூன்று வருடத்துக்கான திட்டம், ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக. வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்டடம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று அதில் எழுத வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர் என்பது சட்டக் கணக்கு. இதை வைத்து எங்கள் பள்ளியை அளந்தபோதுதான் கணக்கு ஆசிரியர் இல்லாத குறை வெறும் புலம்பலாக இல்லாமல் ஒரு எண்ணாக மாறியது. அந்த இடம் நிரம்ப ஒன்றரை வருடம் ஆனது. ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ குழுவுக்கு அதிகாரம் கிடையாது. பெற்றோர் சிலர் அதை ஏற்கவே மாட்டார்கள். "தலைவர்னா அந்த டீச்சரை மாத்தச் சொல்லுங்க" என்று என் வீட்டு வாசலுக்கே வந்தவர்கள் உண்டு. ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, பாடம் நடக்கிறதா என்று குழு பார்க்கலாம், எழுதலாம். வகுப்புக்குள் போய் அதட்டுவது நம் வேலை இல்லை. இதை நான் உறுதியாகவே சொல்லி அனுப்பினேன்.

இடையில் ஒரு நாள், பக்கத்தில் கட்டடம் கட்டும் இடத்தில் வேலை பார்க்கும் ஒடிசாக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார் எங்கள் ஆட்டோ அண்ணன். பிறப்புச் சான்றிதழ் இல்லை, பழைய பள்ளிச் சான்றும் இல்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஹெச்.எம். மேடம் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டார். பெரியவளை அவள் வயதுக்குரிய நான்காம் வகுப்பில் உட்காரவைத்தார். மூன்று மாதத்தில் அவள் தமிழில் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது எங்கள் வேலை இன்னொன்று கூடியது. முறை போட்டுக்கொண்டு காலையில் இரண்டு அம்மாக்கள் போய் ருசி பார்த்தோம். சரியாக வேகாத ரவையை ஒரு நாள் திருப்பி அனுப்பினோம். இதற்கு ஒரு தீர்மானமும் தேவைப்படவில்லை. அங்கே நின்றதே போதுமானதாக இருந்தது.

குழுவின் துணைத் தலைவர், நடக்க முடியாத ஒரு பையனின் அம்மா. தினமும் அவனை இடுப்பில் தூக்கி நான்கு படி ஏற்றுவார். பையனுக்கு ஒன்பது வயது, அவருக்கு முதுகுவலி. தடையில்லாமல் உள்ளே வரும் வழி ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்துக்கும் இருக்க வேண்டும் என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. சாய்தளத்தை நாங்கள் வளர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் ஆண்டில், 2024-25 பக்கத்தில் எழுதினோம். முதல் ஆண்டிலேயே எழுதியிருக்க வேண்டும். தண்ணீர்தான் அவசரம் என்று நான் வாதாடினேன், அவரும் சரி என்று விட்டுக்கொடுத்தார். அந்த முடிவு சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

2024 ஆகஸ்டில் குழு மறுபடி புதிதாக அமைந்தது. என் மகள் எட்டாம் வகுப்பு, அடுத்த வருடம் வேறு பள்ளி. அதனால் நான் நிற்கவில்லை. புதிதாக வந்த தலைவர் என்னைவிட இளையவர், ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் அம்மா. முத்திரை போட்ட நகல்கள் உள்ள கோப்பு, மண்டல அலுவலகத்தில் யாரை எந்த நாளில் பார்க்கலாம் என்று எழுதிய தாள், வளர்ச்சித் திட்டத்தின் நகல் எல்லாவற்றையும் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாய்தளம் எழுதிய பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். துணைத் தலைவர் மறுபடியும் அதே பொறுப்பில் இருக்கிறார், முதல் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்து போய்ப் படிகளை அளந்துவிடுங்கள் என்றேன். எங்கள் வீட்டு அளவு நாடாவையும் கையோடு கொடுத்துவிட்டு வந்தேன்.