யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்: ஒப்பீட்டு வினாவுக்கு நான் படித்த விதம்

ஒப்பீட்டுச் சமயத்தை வெளிவாரிப் பட்டத்துக்கு எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. மூன்றும் ஓரிறைச் சமயங்கள், ஆபிரகாமைத் தந்தையாகக் கொள்பவை என்று முதல் பக்கத்தை எல்லாரும் எழுதிவிடுவார்கள். புள்ளி கிடைப்பது அதற்குப் பிறகுதான்.

ஹட்டனில் வேலை முடிந்து வந்து இரவில் படித்தவன் நான். அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ணுவதைவிட, ஒரே சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று சமயத்துக்குள்ளும் போய் வருவதுதான் எனக்குச் சரிப்பட்டது. ஆபிரகாம் மகனைப் பலியிடப் போனதை எடுங்கள். ஆதியாகமம் 22இல் அந்த மகன் ஈசாக்கு. யூதர்கள் தங்கள் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் இதை வாசிக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு இது சிலுவைப் பலியின் முன்னடையாளம். குர்ஆன் பற்றிக் கேட்கப் போனபோது மௌலவி ஒருவர் பிளேன்டீயை என் பக்கம் தள்ளிவிட்டு, 37ஆவது சூராவைத் திறந்து, "பலி சொல்லப்படுற இடத்துல மகன்ட பேர் இருக்கா, நீங்களே தேடிப் பாருங்க" என்றார். இல்லை. ஆனாலும் பெரும்பாலான முஸ்லிம்கள் ஆபிரகாமின் இன்னொரு மகனான இஸ்மாயீல் என்றே கொள்கிறார்கள். ஹஜ் பெருநாளுக்கு உழ்ஹிய்யா (பிராணிப் பலி) கொடுப்பதும் அந்த நினைவில்தான்.

இயேசு பற்றி எழுதும்போது கவனம். இஸ்லாம் இயேசுவை மறுக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ஈஸா நபி கன்னி மர்யமுக்குப் பிறந்தவர், மஸீஹ் (மெசியா) என்று குர்ஆனே சொல்கிறது. இறைமகன் என்பதையும் சிலுவை மரணத்தையும்தான் (4:157) அது ஏற்பதில்லை. யூதத்துக்கோ, எதிர்பார்க்கும் மீட்பரான மெசியா இன்னும் வரவில்லை. மகன் தந்தையோடு ஒரே இறைத்தன்மை உடையவர் என்று கி.பி. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் வரையறுத்ததைச் சேருங்கள். அதற்காகக் கிறிஸ்தவர்களுக்கு மூன்று கடவுள் என்று எழுதிவிட வேண்டாம். உபாகமம் 6:4இன் "கர்த்தர் ஒருவரே" என்பதை மாற்கு 12:29இல் இயேசுவே எடுத்துச் சொல்கிறார்.

பாவம் பற்றிக் கேட்டால் சுருக்கம் போதும்: ஆதாமின் பாவம் மனிதர் எல்லாரையும் பாதிக்கிறது என்னும் மூலப்பாவம் கிறிஸ்தவக் கொள்கை. குர்ஆனில் (2:37) ஆதமின் தவ்பா (பாவத்தை விட்டு மனந்திரும்புதல்) அப்போதே ஏற்கப்பட்டுவிடுகிறது.

நம் டவுன்களில் கோவில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் நடை தூரத்தில் உண்டு, யூதத்தைப் பற்றிக் கேட்கத்தான் ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, பலர் யூதத்தைப் பழைய ஏற்பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்து பலி நின்றது. அப்புறம் ரப்பிமார் (யூத மத அறிஞர்கள்) தொகுத்த வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னாவும் அதன் மீதான விவாதங்களைச் சேர்த்த தல்மூதும்தான் யூத வாழ்க்கைக்கு வழி சொல்லின. இதற்கென்று ஒரு பந்தி கட்டாயம் ஒதுக்குங்கள், நேரம் போதாவிட்டால் முன்னுரையைக் குறைத்தாவது.