திரும்பி வரும் வழி

ஹாட் செல் என்பது கடும் கதிர்வீச்சுள்ள பொருள்களைத் தடித்த சுவருக்குள் வைத்து, வெளியிலிருந்தே கையாளும் அறை. அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ரோபோ எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கும் என்றுதான் விசாரிப்பேன். சீனியர்கள் கேட்பது வேறு: உள்ளேயே நின்றுவிட்டால் எப்படி வெளியே எடுப்பாய்?

ஈயக் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மேனிபுலேட்டர் கைகள். நம் மணிக்கட்டு திரும்பினால் அதுவும் திரும்பும். ஆனால் அத்தனை தடித்த கண்ணாடி வழியாகத் தூரம் சரியாகப் பிடிபடாது. ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஸ்பேனர் நழுவி மூலையில் விழுந்தால் குனிந்து எடுக்க ஆள் கிடையாது. அப்புறம் அதுவும் கழிவுக் கணக்கில்தான் சேரும்.

அதனால் 2011-இல் விபத்துக்குள்ளான ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம் ரோபோ எதைக் கண்டுபிடித்தது என்பதைவிட, எப்படி மாட்டிக்கொண்டது என்றுதான் பார்ப்போம். 2011 அக்டோபரில் க்வின்ஸ் என்ற ரோபோ இரண்டாம் உலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கேபிள் சிக்கி நின்றுபோனது. 2015 ஏப்ரலில் முதலாம் உலைக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக நுழைந்த பாம்பு வடிவ ரோபோவும் பாதி வேலையில் நகரவில்லை. கேபிளை வெட்டி அங்கேயே விட்டுவிட்டார்கள். 2017-இல் இரண்டாம் உலையில் இன்னொன்றுக்கும் அதே கதி.

"கேபிள்தானே தொல்லை, வயர்லெஸ் போட்டால் என்ன?" என்று பார்வையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கதிர்வீச்சைத் தடுக்கக் கட்டிய கான்கிரீட் சுவர் ரேடியோ அலையையும் விடாது. தவிர, மோட்டார் செத்தபின் இழுத்து எடுக்கக் கையில் இருப்பது அந்தக் கேபிள் மட்டும்தான். சிக்கவைப்பதும் அதுவே, காப்பாற்றுவதும் அதுவே.

2024-இல் இரண்டாம் உலையிலிருந்து உருகிய எரிபொருள் துணுக்கு ஒன்றை எடுக்க, மீன்தூண்டில் மாதிரி நீளும் கருவியை இறக்கினார்கள். நீட்டினால் சுமார் 22 மீட்டர். ஆகஸ்டில் கருவியை உள்ளே தள்ளும் குழாய்களை வரிசை மாற்றி வைத்துவிட்டதால் வேலை நின்றது. அந்தக் குழாய்களை அடுக்கியது மனிதர்கள், முழுக் கவச உடையில், கதிர்வீச்சு உள்ள இடத்தில். அந்த உடையில் வேலை பார்த்த யாரும் அவர்களைக் கேலி செய்ய மாட்டார்கள். செப்டம்பரில் கேமராப் படம் வரவில்லை. கருவியைப் பின்னுக்கு இழுத்து, கேமராக்களை மாற்றி, மறுபடி அனுப்பினார்கள். நவம்பரில் துணுக்கு வெளியே வந்தது.

எடை சுமார் 0.7 கிராம். மூன்று உலைகளிலும் கிடப்பது 880 டன் என்று மதிப்பீடு. கேண்டீனில் இந்தக் கணக்கைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கென்னவோ, பழுதான கருவி பின்வாங்கி வந்து, கேமரா மாற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போனதே பெரிய சாதனையாகப் பட்டது.